ஃப்ரீலான்சர்: சொல்லும் பொருளும்

வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்க்கும் எல்லோரையும் ‘ஃப்ரீலான்சர்’ என்று சொல்லிவிடுகிறோம். மாதச் சம்பளக்காரரும் பில் அனுப்பிப் பணம் வாங்குபவரும் அதற்குள் ஒன்றாகிவிடுகிறார்கள். வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் நேரத்தில் இந்தக் குழப்பம் கையைக் கடிக்கும்.

சொல் போர்க்களத்துச் சொல். ‘லான்ஸ்’ என்பது குதிரைவீரனின் நீண்ட ஈட்டி. 1819 இறுதியில் வெளிவந்த வால்டர் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’ நாவலில், கூலிக்குப் போரிடும் வீரர்கள் ‘ஃப்ரீ லான்ஸ்’ என்று குறிக்கப்படுகிறார்கள். இந்த ‘ஃப்ரீ’ இலவசமும் இல்லை, சும்மா இருப்பதும் இல்லை. எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாதது. பின்னாளில் எந்தப் பத்திரிகையையும் சேராமல் எழுதியவர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்த வேறுபாடு தமிழுக்குப் புதிதல்ல. குறளின் படைமாட்சி அதிகாரத்துக்கு உரை எழுதும்போது பரிமேலழகர் ஆறு வகைப் படைகளைச் சொல்கிறார். மூலப்படையும் கூலிப்படையும் அவற்றில் உண்டு. வழிவழியாக அரசனைச் சார்ந்து நிற்பது ஒன்று, அன்றைய கூலிக்கு வருவது மற்றொன்று. ஸ்காட்டின் சொல்லுக்கு நேரான சொல் கூலிப்படைதான். இன்று அது செய்தித்தாளில் கொலை வழக்கோடு வருவதால் நமக்கு உதவாது.

சட்டம் பார்ப்பது வேலை நடக்கும் இடத்தை அல்ல, கட்டுப்பாடு யார் கையில் என்பதை. அன்றைய ஆந்திரப் பிரதேசத் தையற்கடை ஒன்றின் வழக்கில் 1973-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. தையற்காரர்களுக்கு உருப்படிக் கணக்கில்தான் கூலி. சிலர் துணியை வீட்டுக்கும் கொண்டுபோய்த் தைத்தார்கள். ஆனால் தையல் இயந்திரம் கடையுடையது. தைத்தது சரியில்லை என்றால் திருப்பிக் கொடுத்து மறுபடி தைக்கச் சொல்லும் உரிமையும் கடைக்காரருக்கு இருந்தது. ஆகவே அவர்கள் ஊழியர்களே என்றது நீதிமன்றம். வீட்டில் பீடி சுற்றுபவர்களை, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமே ஊழியர் என்றது. திருநெல்வேலிப் பக்கம் இலையும் தூளும் வாங்கிவந்து திண்ணையில் சுற்றும் பெண்களுக்கும் பி.எஃப். கேட்கும் உரிமை உண்டு.

இனி வரி. பழகிய எண்களிலேயே சொல்கிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்தால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறின, அடிப்படை மாறவில்லை. ஊழியருக்குச் சம்பளத்திலேயே வரி பிடித்துப் படிவம் 16 தருவார்கள். செலவுக் கணக்கு காட்டாமலே கழிக்கும் நிலைக்கழிவு உண்டு, புதிய வரிமுறையில் 75,000 ரூபாய். வீட்டு இணையக் கட்டணத்தைச் சம்பளத்தில் கழிக்க வழியில்லை. ஃப்ரீலான்சர் 60,000 ரூபாய்க்கு பில் போட்டால், 194ஜே பிரிவில் வரும் தொழில்முறைக் கட்டணத்துக்கு பணம் தருபவரே பிடித்துக் கட்டும் வரியான டிடிஎஸ் 10 சதவீதம் போக வங்கிக்கு வருவது 54,000. அந்த 6,000 போய்விட்டது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். போகவில்லை; அவர் பான் எண்ணில் வரவாகியிருக்கிறது, படிவம் 26ஏஎஸ்-இல் பார்க்கலாம். மொத்த வரி அதைவிடக் குறைவென்றால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். நிலைக்கழிவு இவருக்கில்லை. ஆனால் தொழிலுக்கான இணையக் கட்டணம், லேப்டாப்பின் தேய்மானம் போன்றவற்றைக் கழிக்கலாம்.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘பகுதிநேர ஊழியர்’ தவறு. அது நேரத்தைச் சொல்கிறது, உறவைச் சொல்லவில்லை. ‘சுயதொழில் செய்பவர்’ மளிகைக் கடைக்காரரையும் சேர்த்துக்கொள்ளும். இலங்கைத் தமிழ் ஊடகங்களில் ‘சுதந்திர ஊடகவியலாளர்’ நன்றாக வேரூன்றிவிட்டது. அந்தத் துறைக்கு அது போதும். ‘தன்னுரிமைப் பணியாளர்’ என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பணித்தல் என்றால் ஏவுதல். ஏவலுக்கு உட்பட்டவரைத்தான் பணியாளர் என்கிறோம். ‘தற்சார்புத் தொழிலர்’ என்பதே பொருந்தும்.

நியமனக் கடிதத்தில் ‘கன்சல்டன்ட்’ என்று எழுதி, காலை ஒன்பதுக்கு லாகின் செய்யச் சொல்லி, விடுப்புக்கும் அனுமதி கேட்கவைத்தால், அந்தப் பட்டத்தை மட்டும் வைத்து அவரைத் தற்சார்புத் தொழிலர் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கடிதத்தையும், லாகின் நேரமும் விடுப்பு அனுமதியும் பற்றி வந்த மின்னஞ்சல்களையும் அவர் பத்திரமாக எடுத்துவைக்க வேண்டும், பி.எஃப். கேட்கும் நாளில் அவைதான் சான்று.