கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு: கல்லீரல் பயாப்சி ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர் கிரேடு 2' என்று வந்தால், கல்லீரலே பாதி போய்விட்டதாகப் பலர் பயப்படுகிறார்கள். அந்த எண் கொழுப்பைப் பற்றியது மட்டுமே. நோயாளியின் எதிர்காலம் கல்லீரலில் விழும் தழும்பை, அதாவது நார்த்திசுவைப் பொறுத்தது. அதைத்தான் பயாப்சியில் (ஊசியால் கல்லீரலின் சிறு துண்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது) 'ஃபைப்ரோசிஸ் ஸ்டேஜ்' என்று 0 முதல் 4 வரை எழுதுகிறோம்.

எல்லோருக்கும் பயாப்சி வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனையும் ஃபைப்ரோஸ்கேனும் (கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன்) ஒன்றுக்கொன்று முரண்படும்போதும், வேறு கல்லீரல் நோய் இருக்குமோ என்ற சந்தேகம் வரும்போதும்தான் தேவைப்படும். எடுத்தால் ஒழுங்காக எடுக்க வேண்டும்: 16 கேஜ் பருமனுள்ள ஊசி, துண்டு குறைந்தது 2 செ.மீ. நீளம், எடுத்த உடனே அது கெடாமலிருக்க 10% ஃபார்மலின் திரவம். இந்தத் துண்டு முழுக் கல்லீரலில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். நீளம் குறைந்தால் தழும்பு கண்ணில் படாமலே போகலாம். கல்லீரல் உறையை ஒட்டிய பகுதி மட்டும் வந்தால், அங்கே இயல்பாகவே உள்ள நார்த்திசு சிரோசிஸ் (கல்லீரல் முழுவதும் தழும்பேறி முடிச்சு முடிச்சாகிவிட்ட நிலை) போலத் தோன்றி ஏமாற்றும்.

ஸ்லைடில் கொழுப்பு நேரடியாகத் தெரியாது. ஸ்லைடு தயாரிக்கப் பயன்படும் ஆல்கஹாலிலும் சைலீனிலும் அது கரைந்துவிட, உருண்டையான வெற்றுக்குழிகள்தான் மிஞ்சும். பெரிய குழியுள்ள செல்லில் உட்கரு ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கும். 5% செல்களிலாவது இப்படி இருந்தால் ஃபேட்டி லிவர். கூடவே அழற்சியும், பலூன் போல உப்பி வெளிறிய செல்களும் இருந்தால் ஸ்டீட்டோஹெப்படைட்டிஸ், அதாவது கொழுப்போடு கூடிய கல்லீரல் அழற்சி. இந்த உப்பிய செல்லை அடையாளம் காண்பதில் நோயியல் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு அதிகம்.

தழும்பைப் பார்க்க மேசன் ட்ரைக்ரோம் சாயம் கட்டாயம். கல்லீரலின் ஒவ்வொரு சிறு அலகின் நடுவிலும் உள்ள மைய நாளத்தைச் சுற்றி, செல்களுக்கு இடையே கோழிக்கூண்டுக் கம்பிவலை போல நீல இழைகள் படர்ந்தால் ஸ்டேஜ் 1. அலகின் ஓரத்தில் ரத்தக்குழாய்களும் பித்தநாளமும் சேர்ந்திருக்கும் போர்ட்டல் பகுதியைச் சுற்றியும் வந்தால் 2. இந்தத் தழும்புகள் பாலம்போல இணைந்தால் 3. சிரோசிஸ் 4.

ஒரு பொறி உண்டு. சிரோசிஸ் முற்றும்போது கொழுப்பு மறைந்துவிடலாம். 'கொழுப்பே இல்லையே' என்று ஃபேட்டி லிவர் நோயை ஒதுக்கிவிடக் கூடாது.

இன்னொன்று, மதுவால் வந்ததா இல்லையா என்பதை ஸ்லைடு மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. டமாக்சிஃபென், மெத்தோட்ரெக்சேட், அமியோடரோன் போன்ற மருந்துகளும் இதே மாதிரிப் படத்தைக் காட்டக்கூடும். ஆகவே பயாப்சியோடு வரும் படிவத்தில் குடிப்பழக்கம், சர்க்கரை நோய், உடல் எடை, சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் ஸ்டேஜ் இருக்கிறதா, துண்டின் நீளமும் போர்ட்டல் பகுதிகளின் எண்ணிக்கையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.