பருத்தி குஷனில் பருத்தி எப்போது கணக்கில் வரும்?

‘பருத்தி குஷனை ஏற்றுமதி செய்ய எச்.எஸ். குறியீடு என்ன?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சரக்கு எந்த வகை என்று சுங்கத்துக்குச் சொல்லும் எண்தான் அது. பதில் சொல்வதற்கு முன் அவரிடம் ஒன்று கேட்டாக வேண்டும்: உள்ளே அடைசல் இருக்கிறதா, இல்லை வெறும் உறை மட்டும்தானா? துணி என்ன இழை என்பது அதற்குப் பிறகுதான் வரும்.

அந்தக் கேள்விக்கு விலை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தீர்வைப்படி நெய்த பருத்தி குஷன் உறைக்கு 12 சதவீதம். அதே உறைக்குள் பஞ்சை அடைத்துத் தைத்து அனுப்பினால் 3.7 சதவீதம். அமெரிக்காவின் அடிப்படைத் தீர்வையில் உறைக்கு 6.3, அடைத்த பருத்தி குஷனுக்கு 5.3. அவ்வப்போது மேலே ஏற்றப்படும் கூடுதல் வரிகள் தனிக்கணக்கு.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எச்.எஸ். எனப்படும் ஒத்திசைந்த பொருள் வகைப்பாட்டு முறைக்கான உடன்படிக்கை 1983இல் பிரஸ்ஸல்ஸில் கையெழுத்தாகி, 1988 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உலகச் சுங்க அமைப்பு அதைப் பராமரிக்கிறது. மொத்தம் 21 பிரிவுகள். குறியீட்டின் முதல் 2 இலக்கம் அத்தியாயம், 4 இலக்கம் தலைப்பு, 6 இலக்கம் துணைத் தலைப்பு. அதுவரை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் ஒன்றுதான். அதற்கு மேல் இந்தியா 8 இலக்கம் வரையும், அமெரிக்கா 10 இலக்கம் வரையும் தம் வசதிக்கேற்ப நீட்டிக்கொள்கின்றன. பொது விளக்க விதிகள் ஆறு. முதல் விதிதான் அடித்தளம்: தலைப்பின் சொற்களும், பிரிவு, அத்தியாயக் குறிப்புகளுமே தீர்மானிக்கும்.

அடைத்த குஷன் எங்கே போகிறது? ஜவுளிப் பிரிவுக்கு அல்ல. அந்தப் பிரிவின் முதல் குறிப்பே அத்தியாயம் 94இன் பொருள்களை வெளியே தள்ளிவிடுகிறது. படுக்கைப் பொருள்களும் அவற்றை ஒத்த பொருள்களும் 94.04இல் வருகின்றன, ஸ்பிரிங் பொருத்தியதோ, ஏதேனும் ஒன்றை உள்ளே அடைத்ததோ, நுரை ரப்பராலோ நுரை பிளாஸ்டிக்காலோ ஆனதோ, மேலே உறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. ‘ஏதேனும் ஒன்று’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். இலவம்பஞ்சு, பாலியஸ்டர் பஞ்சு, இறகு, ஃபோம் எல்லாமே அடக்கம். குறியீடு 9404.90. இந்த ஆறு இலக்கத்தில் பருத்தி என்ற சொல்லே கிடையாது. பருத்தி புடவையாகவே காய்த்தாலும், உள்ளே பஞ்சு புகுந்த கணத்தில் அதன் பெயர் மறைந்துவிடும். அமெரிக்கா போன்ற சில நாடுகள் தம் கூடுதல் இலக்கங்களில் மட்டும் அதை மீட்டெடுக்கின்றன. 2022 பதிப்பில் ரஜாய், கம்ஃபர்ட்டர் போன்ற பஞ்சடைத்த போர்வை வகைகளுக்கு 9404.40 என்று புதிய இடம் வந்தது. மேலே தையல் ஓடியிருக்கிறது என்பதற்காகக் குஷனை அங்கே கொண்டுபோய் வைக்கக் கூடாது.

நாற்காலிக்கென்றே அளவெடுத்துத் தைத்த இருக்கைக் குஷனை நாற்காலியின் உதிரிப் பாகமாக எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. தனியாக வரும் குஷன் 94.04தான் என்று அத்தியாயக் குறிப்பே சொல்கிறது. நாற்காலியோடு சேர்ந்து வந்தால் நாற்காலியின் குறியீடு. காற்றடைத்த குஷனுக்கு அத்தியாயம் 94இல் இடமே இல்லை. அது செய்பொருளைப் பார்த்து பிளாஸ்டிக், ரப்பர், ஜவுளி அத்தியாயங்களில் ஒன்றுக்குப் போகும். காற்றுறிஞ்சித் தட்டையாக்கிக் கட்டிய பஞ்சுக் குஷனோ குஷன்தான். உறையும் உள்திண்டும் பிரித்து வைத்து ஒரே சரக்காக வந்தாலும், பூட்டப்படாத முழுப்பொருள் என்ற கணக்கில் குஷனே. எண்ணிக்கை பொருந்த வேண்டும், அவ்வளவுதான். 500 உறையும் 300 உள்திண்டும் வந்தால் 300 குஷன்கள். மிச்சம் 200 உறைகளைத் தனி வரியில் காட்ட வேண்டும்.

இனி வெறும் உறை. இங்கேதான் இந்த வகைப்பாட்டின் அழகு தெரிகிறது. படுக்கைத் தலையணை உறை 63.02, சோபாவில் போடும் குஷன் உறை 63.04. அடுத்த கேள்வி நெய்ததா, பின்னியதா என்பது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் நெசவில் பாவும் ஊடும் செங்குத்தாகக் குறுக்கிடும். பின்னலில் நூல் வளையம் வளையமாகக் கோத்திருக்கும். பின்னல் என்றால் 6304.91, அங்கே இழையைக் கேட்பதே இல்லை. உறை காலியாக இருந்து, நெய்ததாகவும் இருந்தால் மட்டுமே பருத்தியின் முறை வருகிறது: பருத்தி 6304.92, செயற்கை இழை 6304.93, மற்றவை 6304.99.

கலப்புத் துணி என்றால்? ‘எது அதிகமோ அது’ என்பார்கள். அது பாதி உண்மைதான். லேபிளில் பருத்தி 40, பாலியஸ்டர் 35, விஸ்கோஸ் 25 சதவீதம் என்று இருக்கிறது. மூன்றும் வெட்டிழைகள், அதாவது நீளமாகத் தொடராத குட்டை இழைகள் என்று கொள்வோம். தனித்தனியாகப் பார்த்தால் பருத்திதான் பெரியது. ஆனால் விதி முதலில் அத்தியாயத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. பாலியஸ்டர் வெட்டிழையும் விஸ்கோஸ் வெட்டிழையும் ஒரே அத்தியாயம் 55இல் இருப்பதால் கைகோத்து 60 ஆகின்றன. பருத்தியின் அத்தியாயம் 52 தனியே 40இல் நிற்கிறது, தோற்கிறது. வென்ற அத்தியாயத்துக்குள் பாலியஸ்டர் பெரியது. ஆகவே உறை 6304.93. அமெரிக்க அடிப்படைத் தீர்வை 6.3இலிருந்து 9.3 ஆகிவிடுகிறது. சரிபாதி வந்தால் அத்தியாய எண்வரிசையில் கடைசியாக வருவதே வெல்லும். பருத்தியும் பாலியஸ்டரும் 50–50 என்றால் பாலியஸ்டர்தான்.

வெல்வெட்டும் எம்பிராய்டரியும் நேர் எதிரெதிர். வெல்வெட் உறையில் மேலே ரோமம்போல நிற்கும் குச்சத்தின் இழையை மட்டும் பார்க்க வேண்டும், அடித்துணி கணக்கில் இல்லை. எம்பிராய்டரியில் அடித்துணி மட்டுமே கணக்கு, பூவேலை நூல் எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும். அடித்துணியே கண்ணுக்குத் தெரியாதபடி மூடியிருந்தால்தான் விதிவிலக்கு. விஸ்கோஸ் குச்சம் வைத்த வெல்வெட்டைப் பருத்தி அடித்துணியை நம்பிப் ‘பருத்தி’ என்று எழுதுவதால் வரும் தகராறு கொஞ்சமல்ல.

சதவீதத்தை ஆய்வகம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? முதலில் நுண்ணோக்கி. பருத்தி இழை வளரும்போது திரவம் நிறைந்த குழாய். காய் வெடித்ததும் உலர்ந்து, அமுங்கி, முறுக்கிய ரிப்பன்போல ஆகிவிடுகிறது. அந்த முறுக்கு பாலியஸ்டரில் கிடையாது, அது வழவழப்பான கண்ணாடிக் கம்பி மாதிரி நிற்கும். பிறகு கரைத்துப் பார்ப்பது. மாதிரியை அடுப்பில் உலர்த்தி எடை போடுகிறார்கள். 40 டிகிரி செல்சியஸில் ஃபார்மிக் அமிலமும் துத்தநாக குளோரைடும் கலந்த கரைசலில் இரண்டரை மணி நேரம் வைத்தால் விஸ்கோஸ் கரைந்துபோகும். மிச்சத்தை 75 சதவீத கந்தக அமிலத்தில், 50 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் பருத்தியும் கரையும். பாலியஸ்டர் அசையாமல் நிற்கும். வரிசையை மாற்றக் கூடாது: கந்தக அமிலத்தை முதலில் ஊற்றினால் பருத்தியும் விஸ்கோஸும் சேர்ந்தே போய்விடும், பிரித்துச் சொல்ல வழியிருக்காது.

ஈரப்பதத்தையும் மறக்கக் கூடாது. உலர் எடையோடு பருத்திக்கு 8.5 சதவீதமும் பாலியஸ்டருக்கு 1.5 சதவீதமும் வழக்கமான ஈரப்பதமாகச் சேர்ப்பது உண்டு. உலர்நிலையில் சரியாக 50–50 இருந்த துணி இந்தக் கணக்கில் பருத்தி 51.7, பாலியஸ்டர் 48.3 ஆகிவிடும். துணி மாறவில்லை, குறியீடு மாறுகிறது. ஆகவே அறிக்கையை வாங்கும்போது எந்த அடிப்படையில் எண் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தே தீர வேண்டும்.

இப்படி நிதானமாகக் கரைத்து எடைபோடும் ஆய்வகங்களுக்கு அரசுகள் இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கோடிக்கணக்கான வரி அந்தத் தராசில்தான் தீர்மானமாகிறது. ‘வாங்குபவர் இந்தக் குறியீட்டைத்தான் கொடுத்தார், போன முறை தடையில்லாமல் போயிற்று’ என்று கேள்வி கேட்காமல் எண்ணை வழிவழியாகச் சுமப்பதை நான் மூடநம்பிக்கையோடுதான் சேர்ப்பேன். போன முறை யாரும் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை என்பதைத்தவிர அதில் வேறு சான்று இல்லை.

ஐயம் இருந்தால் சரக்கை ஏற்றுவதற்கு முன்பே, எந்தக் குறியீடு என்று சுங்கத்துறை எழுத்தில் தரும் முன்தீர்ப்பைக் கேட்கலாம். 2017 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிமைப்படுத்தல் ஒப்பந்தம் அந்த வசதியை உறுப்பு நாடுகளின் கடமையாக்கியிருக்கிறது. கேட்க வேண்டியது இறக்குமதி செய்யும் நாட்டிடம். விண்ணப்பத்தில் முன்பக்கம், பின்பக்கம், ஜிப் திறந்த உள்பக்கம் என்று படங்கள், நெசவா பின்னலா என்ற விவரம், ஒவ்வொரு பக்கத் துணியின் இழை சதவீதம், அடைசலின் பெயரும் எடையும், உறையும் உள்திண்டும் எந்த எண்ணிக்கையில் எப்படிக் கட்டப்படுகின்றன என்பது எல்லாம் இருக்க வேண்டும். இன்வாய்ஸிலும் ‘பருத்தி குஷன்’ என்று இரண்டே சொல்லில் முடிக்காமல், ‘நெய்த பருத்தி குஷன் உறை, அடைசல் இல்லாதது’ என்றோ ‘பாலியஸ்டர் பஞ்சு அடைத்த குஷன், நெய்த பருத்தி மேலுறை’ என்றோ எழுதுங்கள்.