யூஎஃப்ஓ: சொல் விளக்கம்

காசிமேட்டுக் கரையில் ஒதுங்கும் உடலைக் காவல் நிலையத்தில் 'அடையாளம் தெரியாத ஆண் சடலம்' என்று எழுதுவார்கள். உறவினர் ஒருவர் வந்து, கையில் குத்தியிருந்த பச்சையைப் பார்த்து இன்னார் என்று சொன்னதும் அந்த அடைமொழி உதிர்ந்துவிடும். வானில் தென்பட்டும் இன்னதென்று அறியப்படாத பறக்கும் பொருளைக் குறிக்கும் யூஎஃப்ஓ (Unidentified Flying Object) என்பதன் முதல் எழுத்தும் அத்தகைய அடைமொழிதான். விசாரணை எந்த நிலையில் நிற்கிறது என்பதைச் சொல்வதே அதன் வேலை.

1947 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் ரெய்னியர் மலையருகே ஒன்பது பொருள்கள் விரைந்து சென்றதைக் கண்டதாகக் கென்னத் அர்னால்டு என்ற விமானி கூறினார். நீர்மேல் எறிந்த தட்டைப்போல அவை தத்திச் சென்றன என்று அசைவுக்காகத் தாம் சொன்ன உவமையை நாளேடுகள் வடிவத்துக்கு ஏற்றிவிட்டதாக அவர் பின்னாளில் விளக்கினார். 'பறக்கும் தட்டு' அப்படிப் பிறந்தது. காண்பதற்கு முன்பே வடிவத்தை முடிவு செய்துவிடும் இச்சொல் ஆவணத்துக்கு உதவாது என்பதால், இத்தகைய காட்சிகளை விசாரித்த அமெரிக்க விமானப்படையின் புளூ புக் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய எட்வர்டு ரூபெல்ட் 1950களின் தொடக்கத்தில் யூஎஃப்ஓவைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1969இல் அத்திட்டம் முடிந்தபோது, பதிவான 12,618 காட்சிகளில் 701 மட்டுமே விளக்கம் பெறாமல் எஞ்சின.

கடல்தான் இச்சொல்லைத் திணறடித்தது. 2004 நவம்பரில், தென் கலிபோர்னியாவை ஒட்டிய கடலில், நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பலின் விமானி டேவிட் ஃபிரேவர், இறக்கையற்ற வெண்ணிற நீள்வடிவம் ஒன்றையும் அதனடியில் கடல்நீர் கலங்கியதையும் கண்டதாகக் கூறினார். பறப்பது நீருக்குள்ளும் செல்லுமானால் அதைப் 'பறக்கும்' பொருள் என்று எப்படிச் சொல்வது? வான், கடல், விண்வெளி மூன்றையும் தழுவும் 'யூஏபி' (Unidentified Anomalous Phenomena, இன்னதென்று அறியப்படாத, வழக்கத்துக்கு மாறான தோற்றங்கள்) என்ற பெயரை 2022 இறுதியில் அமெரிக்கச் சட்டமே ஏற்றது; அவ்வாண்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் தொடங்கிய ஆரோ (AARO) அலுவலகம் இன்று அப்பெயரிலேயே விசாரிக்கிறது.

தமிழுக்கு வருவோம். புறநானூற்றின் 'வலவன் ஏவா வான ஊர்தி'யை, அதாவது ஓட்டுநர் செலுத்தாத வான ஊர்தியை, இங்கே இழுத்து வருவோர் உண்டு. ஆனால் ஊர்தி என்றாலே ஒருவர் ஏறிச் செல்வது என்றாகிவிடும். 'மர்மப் பொருள்' விற்பனைக்கு ஆகும், விளக்கத்துக்கு ஆகாது. 'அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்' பரவலாக வழங்கினாலும் அதில் ஒரு சிறு பிசகு இருக்கிறது. சடலத்தைப் பொறுத்தவரை அது மனிதர் என்று தெரியும், எவர் என்பதே தெரியாது. அங்கே 'அடையாளம்' சரி. வானில் தென்பட்டதோ என்ன வகை என்பதே தெரியாதது. ஆகவே ஈழத்து வழக்கிலுள்ள 'இனந்தெரியாத' என்பதே நெருங்கி வருகிறது. யூஎஃப்ஓவுக்கு 'இனங்காணாப் பறபொருள்' என்றும், யூஏபிக்கு 'இனங்காணாத் தோற்றம்' என்றும் வழங்கலாம் என்பது என் கருத்து.

எண்ணூர்க் கரையிலிருந்து வடக்கே எழும் நெருப்புக் கீற்றை ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் என்று சிறுவர்களும் சொல்லிவிடுவார்கள். இச்சொல் அதற்குப் பொருந்தாது. விடிவெள்ளி என்று மயங்கி அகாலத்தில் புறப்பட்டு ஏமாந்தவரின் நினைவாகக் கடலோடிகள் 'செட்டியைக் கெடுத்த வெள்ளி' என்று பெயரிட்டார்களே, அந்த வெள்ளிக்கும் பொருந்தாது. செட்டியார் வழியில் நின்று அண்ணாந்து பார்த்த அந்தச் சில நாழிகைக்கு வேண்டுமானால் பொருந்தியிருக்கலாம்.