பிராக்கிதெரபி: அண்மைக்கதிர் மருத்துவம்

மூக்கு, உதடு, காதுமடல் ஆகிய இடங்களில் வரும் தோல் புற்றுநோய்க்கு அறுவைக்கு மாற்றாக மருத்துவர்கள் சொல்லும் வழிகளுள் ஒன்று பிராக்கிதெரபி. கிரேக்க மொழியில் ‘பிராக்கிஸ்’ என்றால் குறுகிய. ‘தெரபையா’ என்றால் பணிவிடை, குணமாக்குதல். இங்கே குறுகியது, கதிர் தரும் மூலத்துக்கும் புற்றுக்கும் இடையிலான தொலைவு. சிகிச்சைக் காலம் குறுகியது என்று பொருள்கொள்ளக் கூடாது. எட்ட இருந்து கதிர் பாய்ச்சும் டெலிதெரபிக்கு இது எதிர்ச்சொல்.

சொல் பிறக்கும் முன்பே சிகிச்சை பிறந்துவிட்டது. 1903இல் புனித பீட்டர்ஸ்பர்க்கில் கோல்ட்பெர்க், எஃபிம் லண்டன் என்ற ஆய்வாளர்கள், முகத்தோலில் அடித்தள உயிரணுப் புற்று (basal cell carcinoma என்னும் தோல் புற்று வகை) கண்ட இருவருக்கு ரேடியத்தால் சிகிச்சை அளித்தனர். பிராக்கிதெரபி என்ற பெயரை ஸ்வீடன் நாட்டுக் கதிரியல் மருத்துவர் யோஸ்டா ஃபோர்செல் 1931இல்தான் முன்மொழிந்தார். பிரெஞ்சுக்காரர்கள் ரேடியத்தைக் கண்டறிந்த கியூரியின் பெயரால் ‘கியூரிதெரபி’ என்கிறார்கள்.

தமிழில் இதனை ‘உட்கதிர் சிகிச்சை’ என்பதும் உண்டு. கருப்பைவாய்ப் புற்றுக்கு அது பொருந்தும். மூக்குத் தோலுக்குச் சில நேரங்களில் பொருந்தாது. மூக்கின் வளைவுக்கேற்ப வார்த்த அச்சினுள் மெல்லிய குழாய்களைப் பதித்து, அதனைத் தோலின் மேல் பொருத்துகிறார்கள். கம்பியின் முனையில் அரிசிமணியினும் சிறிய இரிடியம்-192 என்ற கதிரியக்க உலோகத் துண்டு குழாய்வழியே வந்து, குறித்த இடங்களில் சிறிது நேரம் நின்று திரும்பிவிடுகிறது. இதில் உடலுக்குள் எதுவும் போவதில்லை. தசைக்குள் குழாய் செருகும் முறையையும் மேலே வைக்கும் முறையையும் ஒருசேரத் தழுவும் சொல் ‘அண்மைக்கதிர் மருத்துவம்’ என்பதே. டெலிதெரபிக்குத் ‘தொலைக்கதிர் மருத்துவம்’ என்று இணையும் அமைகிறது. சிகிச்சையின் இயற்பியலும் அண்மையில்தான் இருக்கிறது: ஒரு புள்ளி போன்ற மூலத்திலிருந்து தொலைவு இரட்டித்தால் கதிரின் செறிவு ஏறத்தாழக் கால்பங்காகக் குறையும், அதனால்தான் புற்றுக்கு முழு அளவு கிடைக்கும்போது ஆழத்திலுள்ள திசுவுக்குக் குறைவாகவே சேர்கிறது.

பலனையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாரிசை அடுத்த வில்ஜூயிஃபில், முகத்தில் 4 செ.மீ.க்குக் குறைவான அடித்தள உயிரணுப் புற்று கொண்ட 347 பேரை அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் பிரித்து ஆராய்ந்த முடிவுகள் 1997இல் வெளியாயின. கதிர்வீச்சுப் பிரிவினருள் பாதிக்கு மேற்பட்டோர் பெற்றது, குழாய் செருகும் அண்மைக்கதிர் மருத்துவமே. நான்கு ஆண்டுகளில் சிகிச்சை தோல்வியுற்ற விகிதம் அறுவையில் 0.7%, கதிர்வீச்சில் 7.5%. முகத்தின் தோற்றம் நன்றாக அமைந்ததாக மதிப்பிடப்பட்டவர்கள் அறுவையில் 87%, கதிர்வீச்சில் 69%. ஆகவே அறுவை இயலும்போது அதுவே முந்துகிறது. அறுவையைத் தாங்க முடியாத முதியோருக்கும், வெட்டினால் மூக்கின் வடிவமே குலைந்துவிடும் என்ற நிலையில் உள்ளவர்களுக்கும் அண்மைக்கதிர் கைகொடுக்கிறது. கதிர் பட்ட தோல் ஆண்டுகள் செல்லச் செல்ல வெளிறி மெலிந்து, நுண்ணிய இரத்தக்குழாய்கள் வெளித்தெரியத் தொடங்கும் என்பதால், இளவயதினருக்கு இதனை எளிதில் பரிந்துரைப்பதில்லை.