வீடு கீழே எரிகிறது, காகிதம் மேலே எரிகிறது

போலந்தின் கிராகோவ் நகரில் மென்பொருள் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் சென்ற மாதம் எழுதியிருந்தார். அவருடன் வேலை செய்யும் போலந்துப் பெண்மணி ஆங்கிலத் தேர்வு ஒன்றுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். ஒருநாள் மதிய இடைவேளையில் அவர் வாசகரிடம் கேட்டாராம்: "வீடு எரிந்தால் பர்ன் டவுன். காகிதம் எரிந்தால் பர்ன் அப். கடைசியில் இரண்டும் சாம்பல்தானே? ஒன்று ஏன் கீழே போகிறது, இன்னொன்று ஏன் மேலே போகிறது? எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்." வாசகருக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பெண்மணியின் நோட்டில் ஒரு பக்கத்தைப் படம்பிடித்து எனக்கு அனுப்பிவிட்டார்.

பக்கத்தின் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறது. இடப்பக்கம் அப், வலப்பக்கம் டவுன். ஒவ்வொன்றுக்கும் எதிரே பொடி எழுத்தில் போலிஷ் பொருள். கிவ் அப் என்பதை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்திருக்கிறார். படித்து அலுத்துப்போன ஒருவரின் பக்கம் அது. அதைப் பார்த்ததும், இதற்கு முழுதாகப் பதில் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

கிவ் அப், பிரேக் டவுன், டர்ன் அப் போன்றவற்றை ஃப்ரேசல் வெர்ப் என்கிறோம் என்பது பள்ளியிலேயே படித்ததுதான். ஒரு சாதாரண வினை, அதன் பின்னால் ஒரு சின்னச் சொல், இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு பொருள். இவற்றுக்குத் தர்க்கமே கிடையாது, மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை என்று ஆசிரியர்கள் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். இதை நான் ஒரு மூடநம்பிக்கை என்றே சொல்வேன். யாரும் சோதித்துப் பார்க்காமல் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போவதை வேறு என்னவென்று சொல்வது?

போலிஷ் பேசுபவருக்கு இந்தக் கருத்தே புதிதல்ல. அவர் மொழியில் பிஸாச் என்றால் எழுதுவது. முன்னால் ஒரு அசையைச் சேர்த்தால் போதும், பொருள் கிளை விட்டுக்கொண்டே போகும். நபிஸாச் என்றால் எழுதி முடிப்பது. ஸபிஸாச், குறித்து வைப்பது. பொத்பிஸாச், கையெழுத்திடுவது. ஒபிஸாச், விவரிப்பது. ஆங்கிலத்தின் பின்னொட்டுச் சொல்லையும் போலிஷ், ரஷ்யன் போன்ற ஸ்லாவிய மொழிகளின் முன்னொட்டையும் ஒரே வகையாகப் பார்த்தவர் அமெரிக்க மொழியியலாளர் லெனர்ட் டால்மி. வினை ஒரு கோள் என்றால் இவை அதைச் சுற்றும் துணைக்கோள்கள் என்று பெயர் வைத்தார். துணைக்கோள் போலிஷில் வினைக்கு முன்னால் நிற்கிறது, ஆங்கிலத்தில் பின்னால்.

இந்த முன்பின் வித்தியாசம் காதுக்குப் பெரிய தொல்லை. போலிஷில் வினையின் முதல் அசையிலேயே செய்தி வந்துவிடும். ஆங்கிலத்தில் டர்ன் என்று தொடங்கி, நடுவே நீளமாக எதையோ சொல்லி, கடைசியில்தான் டவுன் வரும். அது வரும்போது கேட்பவர் ஏற்கெனவே வேறு முடிவுக்கு வந்திருப்பார். பழைய ஆங்கிலத்திலும் வினைக்கு முன்னொட்டுகள் இருந்தன. ஃபர்கிவ், ஃபர்கெட் என்பவற்றின் தலையில் இருப்பது அதில் மிச்சமானது. பிறகு அந்த வழக்கம் மெல்லத் தேய்ந்து, வேலையெல்லாம் பின்னால் வரும் சொற்களுக்குப் போய்விட்டது.

இனி எரியும் கதைக்கு வருவோம். பதில் எழுதுவதற்கு முன் நானே ஒரு எவர்சில்வர் தட்டில் செய்து பார்த்தேன். தீக்குச்சிகளை நான்கு சுவராக அடுக்கி, மேலே இரண்டைக் குறுக்கே வைத்து ஒரு குட்டி வீடு. பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம். வீட்டுக்குத் தீ வைத்ததும் குச்சிகள் கறுத்து வளைந்தன. முதலில் கூரை உட்கார்ந்தது, பிறகு சுவர்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. நின்றுகொண்டிருந்தது தட்டோடு தட்டாகப் படுத்துவிட்டது. காகிதமோ ஓரத்திலிருந்து சுருண்டு சுருண்டு சிறுத்தது. மிஞ்சிய மெல்லிய கருந்தகடு விசிறிக் காற்றில் எழும்பிப் போனது. தட்டில் ஒன்றுமில்லை.

ஆங்கிலம் கவனிப்பது இதைத்தான். எரிதல் என்ற செயல் இரண்டிலும் ஒன்றே. ஆனால் வீட்டின் முடிவு, நின்றது விழுவது. அதனால் டவுன். மெழுகுவத்தியும் உயரம் குறைந்துகொண்டே வருவதால் பர்ன் டவுன். காகிதத்தின் முடிவு, இருந்தது முழுக்கத் தீர்ந்துபோவது. அதற்கு அப்.

தீர்ந்துபோவதற்கு ஏன் மேலே போக வேண்டும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். குடத்தில் தண்ணீர் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மட்டம் ஏறுகிறது, ஏறுகிறது, விளிம்பைத் தொடுகிறது. அதற்குமேல் ஊற்ற இடமில்லை. ஏற்றமும் நிறைவும் ஒரே கணத்தில் நடக்கின்றன. குழந்தைப் பருவத்திலிருந்து ஆயிரம் முறை இதைப் பார்த்த மனம் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறது. அப் என்றால் மேலே. பிறகு, விளிம்பு வரை. பிறகு, முழுக்க. கடைசியில் பாத்திரமும் மறைந்து, மட்டமும் மறைந்து, முழுக்க என்ற பொருள் மட்டும் தங்குகிறது. அப்போதுதான் ஈட் அப், யூஸ் அப், டிரிங்க் அப் எல்லாம் சாத்தியமாகின்றன. டிரிங்க் அப் சொல்லும்போது கோப்பையில் பாலின் மட்டம் இறங்கத்தான் செய்கிறது. ஆனால் ஆங்கிலேயர் கணக்கில் அளக்கப்படுவது பால் அல்ல, குடிக்கும் செயல். செயல் அதன் விளிம்பைத் தொட்டுவிட்டது. நாம் "குடித்துவிடு" என்கிறபோது "விடு" செய்யும் வேலையும் இதுவே. எதையும் எங்கும் விடுவதில்லை, செயலை முடிக்கிறோம்.

விலை ஏறுவதும் காய்ச்சல் இறங்குவதும் இதே குடத்திலிருந்து வந்தவை. அளவு கூடினால் மேலே, குறைந்தால் கீழே. மொழியியலாளர் ஜார்ஜ் லேகாஃப், தத்துவ அறிஞர் மார்க் ஜான்சன் இருவரும் 1980-ல் இந்தத் திசை உருவகங்களைத் தொகுத்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே கலிஃபோர்னியாவின் சான் டியேகோ பல்கலைக்கழகத்தில் சூசன் லிண்ட்னர் என்ற ஆய்வாளர் அப், அவுட் என்ற இரண்டு சின்னச் சொற்களுக்காகவே ஒரு முனைவர் பட்ட ஆய்வை முடித்தார். இரண்டு சொல்லுக்கு ஓர் ஆய்வேடா என்று அன்றைக்கு யாராவது கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால், இன்று இந்தக் கட்டுரையில் எழுத எனக்குப் பாதி விஷயம்தான் இருந்திருக்கும்.

அதே குடிக்கும் செயலுக்குப் போலிஷ் வேறு படம் பிடிக்கிறது. பிச் என்றால் குடிப்பது, விபிச் என்றால் குடித்து முடிப்பது. வி என்பது வெளியே. கோப்பைக்குள் இருந்தது வெளியே போய்விட்டது, அவ்வளவுதான். பார்க்கப்போனால் ஆங்கிலத்தைவிட நேரான படம்.

சாப்பாட்டில்தான் சிக்கல். ஸெய்ஷ்ச் என்றால் இறங்கிப்போவது. ஸியெஷ்ச் என்றால் சாப்பிட்டு முடிப்பது. இரண்டின் முன்னாலும் இருப்பது ஒரே பழைய ஸ்லாவிய முன்னொட்டு. அதற்கு "சேர்ந்து" என்றும் "மேலிருந்து கீழே" என்றும் பொருள் இருந்தது. வீட்டுக்கும் காகிதத்துக்கும் ஒரே சொல் என்று கிராகோவ் பெண்மணி சொன்னாரே, அந்த ஸ்பாலிச் ஷெ என்ற எரிதல் சொல்லின் தலையில் இருக்கும் ஸ்-உம் இதுவேதான். ஆக, போலிஷில் இறங்குவதற்குப் பயன்படும் முன்னொட்டு செயலை முடித்துவைக்கிறது. ஆங்கிலத்தில் ஏறுவதற்குப் பயன்படும் சொல் அந்த வேலையைச் செய்கிறது. அந்தப் பெண்மணி தடுமாறியதில் வியப்பே இல்லை. கீழே இறங்கி முடிக்கப் பழகியவரை மேலே ஏறி முடிக்கச் சொல்கிறோம்.

மேலே என்பதற்கென்று தெளிவான முன்னொட்டு போலிஷிலும் உண்டு. எழுந்திருப்பது ஃப்ஸ்தாச், வளர்ச்சி வ்ஸ்ரொஸ்த். கிழக்குக்கும் சூரிய உதயத்துக்கும் ஒரே பெயர், ஃப்ஸ்ஹுத். ஏறி வருதல் என்பதே அதன் உறுப்புப் பொருள். ஆங்கிலச் சூரியனும் கம் அப் என்று ஏறித்தான் வருகிறது. மாலையில் மட்டும் பிரிந்துவிடுகிறார்கள். ஆங்கிலச் சூரியன் கோ டவுன் என்று இறங்குகிறது. போலந்துச் சூரியன் ஸஹுத், அதாவது பின்னால் போகிறது. அடிவானத்துக்குப் பின்னால்.

ஆனால் இந்த முன்னொட்டு இன்று புதுச் சொற்களை அதிகம் ஈன்றுகொண்டிருக்கவில்லை. அந்த நோட்டின் இடப்பக்கத்தை மேலிருந்து கீழே படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. பிக் அப்புக்கு எதிரே பொத்னியெஷ்ச். ஜம்ப் அப்புக்கு எதிரே பொத்ஸ்கோச்சிச். வாக் அப் டு என்று ஒருவரை நெருங்கிச் செல்வதற்கு பொதெய்ஷ்ச். மூன்று முறை அடிபட்ட கிவ் அப்புக்கு பொத்தாச் ஷெ. எல்லாவற்றின் தலையிலும் பொத். பொத் என்றால் போலிஷில் அடியில், கீழே!

இதைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. இந்தச் சொற்களில், மேலே என்று ஆங்கிலம் சொல்லும் இடத்தில் எல்லாம் போலிஷ் அடியில் என்கிறது. ஒரு மூட்டையைத் தூக்குவதை எண்ணிப் பாருங்கள். கை எங்கே போகிறது? மூட்டைக்கு அடியில். மூட்டை எங்கே போகிறது? மேலே. போலிஷ் கை நுழைந்த இடத்தைப் பெயராக வைத்துக்கொண்டது, ஆங்கிலம் மூட்டை போய்ச் சேர்ந்த இடத்தை வைத்துக்கொண்டது. லத்தீனிலும் இதே கதைதான். சப் என்றால் அடியில். சப்போர்ட் என்பதன் மூலச் சொல், அடியில் கைகொடுத்து மேலே தாங்குவது.

கிவ் அப்புக்கும் இதில் விடை இருக்கிறது. அதன் பழைய பொருள் எதிரியிடம் ஒப்படைத்துவிடுவது. கோட்டையை, ஆயுதத்தை வெற்றிபெற்றவனிடம் முழுக்கக் கொடுத்துவிடுவது. ஆங்கிலம் கொடுக்கப்பட்ட பொருளைப் பார்க்கிறது. பொத்தாச் ஷெ என்பது தன்னையே இன்னொருவருக்குக் கீழே கொடுத்துவிடுவது. போலிஷ் தோற்றவனைப் பார்க்கிறது. தோல்வி ஒன்றுதான். ஒரு மொழி சாவியைப் பார்க்கிறது, இன்னொன்று குனிந்த தலையைப் பார்க்கிறது.

இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் சொல்லிக்கொண்டே போனால், பொருள் தெரிந்த பிறகு கதை கட்டுவது யாருக்கும் முடியுமே என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. படம் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரே வழி, மாணவர் இதுவரை பார்க்காத சொல்லைக் கொடுத்து, படத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்ப்பதுதான். ஹங்கேரியில் ஸோல்தான் கோவெச்செஷ், பீட்டர் ஸாபோ என்ற இருவர் இதைச் செய்து 1996-ல் வெளியிட்டார்கள். 30 மாணவர்கள், இரண்டு குழுக்கள், அப், டவுன் வரும் ஃப்ரேசல் வெர்ப்கள். ஒரு குழுவுக்குத் தாய்மொழிப் பொருளோடு பட்டியல். மற்றதற்கு, அளவு கூடினால் மேலே, முழுமை என்றால் மேலே என்பதுபோல உருவகங்களாகப் பிரித்துக் கொடுத்தார்கள். கற்றுத்தந்த சொற்களில் உருவகக் குழு ஓரளவு முந்தியது. கற்றுத்தராத சொற்களில் இன்னும் அதிகமாக முந்தியது. ஹங்கேரிய மொழி ஸ்லாவிய மொழியே அல்ல, ஆனால் அதிலும் மேலே, கீழே என்று வினைக்கு முன்னொட்டுகள் உண்டு. அதனால் போலந்து மாணவருக்கும் இந்த முடிவு பொருந்தும் என்று நம்ப இடமிருக்கிறது.

30 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. 3,000 பேரை வைத்து, பல மொழிக்காரர்களிடம், ஓராண்டு கழித்தும் நினைவிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரும்பலகையும் தாளும் போதும், கருவி எதுவும் வேண்டாம். உலகம் முழுக்க ஆங்கிலப் பயிற்சிக்கு மக்கள் கொட்டும் பணத்தில் ஒரு துளியை இதற்கு ஒதுக்கினால் போதும். அப்படி ஒதுக்காதது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

போலந்தில் பிறந்து பெல்ஜியத்தில் பணியாற்றிய பிரிகிடா ருட்ஸ்கா ஓஸ்டின் இந்த வழியில் ஒரு முழுப் பயிற்சி நூலையே எழுதினார். அவர் மறைவுக்குப் பிறகு 2003-ல் அது வெளிவந்தது. முன்னொட்டுகளோடு வளர்ந்த ஒருவருக்கு ஆங்கிலத்தின் இந்தச் சின்னச் சொற்களில் படம் தெரிந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

இவ்வளவையும் எழுதி கிராகோவுக்கு அனுப்பினேன். டவுனுக்கு இன்னொரு படத்தையும் சேர்த்திருந்தேன். காற்றில் மிதக்கும் பேச்சு, தாளில் இறங்கி உட்கார்ந்தால் ரைட் டவுன். அலைந்து திரிந்தவர் ஓரிடத்தில் ஊன்றினால் செட்டில் டவுன். தரையில் பதிந்தது நகராது. நடுக்கோட்டை அழித்துவிட்டு, விழுவது, குறைவது, பதிவது, நிறைவது என்று படங்களாகப் பிரித்து எழுதச் சொன்னேன்.

போன வாரம் புதுப் பக்கத்தின் படம் வந்தது. கட்டங்களுக்குள் சின்னச் சின்னக் குடங்கள் வரைந்திருக்கிறார். ஸ்லோ டவுனை வேகம் என்ற அளவு குறைகிற இடத்தில் வைத்திருக்கிறார். அதே பொருள் தரும் ஸ்லோ அப்பை, மெதுவாகி மெதுவாகி நிற்கும் நிலையைத் தொட்டுவிடுவது என்று நிறைவின் கட்டத்தில் வைத்திருக்கிறார். அதை நான் சொல்லித்தரவில்லை. ஒரு கட்டம் மட்டும் காலி. அதன் தலைப்பு மேக் அப். பொய்க் கதை புனைவதும், முகத்துக்குப் பூச்சிடுவதும், சண்டைக்குப் பிறகு சமாதானமாவதும் எப்படி ஒரே சொல்லாகும், போலிஷில் மூன்று தனி வினைகள் ஆயிற்றே என்று கேட்டிருக்கிறார். சிதறிக் கிடக்கும் துண்டுகளைக் கூட்டி முழுதாக்குவது என்ற படத்தை அனுப்பியிருக்கிறேன். முகப்பூச்சுக்கு அது பொருந்துகிறதா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.