சீலிங் மேல ஓடுறது எலியா வௌவாலா, மொதல்ல அத பாருங்க

வாட்ஸ்அப்ல வாரத்துக்கு நாலு பேராச்சும் கேக்குறாங்க, "அண்ணே, சீலிங் மேல ஏதோ ஓடுது, எந்த எலி மருந்து நல்லது?"ன்னு. பினாங்குல பதினெட்டு வருசமா பெஸ்ட் கன்ட்ரோல் வேலை பாக்குறேன், மருந்து பேரு சொல்றதுக்கு முன்னாடி நான் திருப்பிக் கேக்குறது ஒன்னுதான்: சத்தம் எத்தன மணிக்கு வருது? ஏழரை மணி வாக்குல இருட்டுற நேரத்துல படபடன்னு வந்து அடங்கிட்டு, மறுபடி விடியக்காலைல வந்துச்சுன்னா வௌவாலா இருக்கும். நடுராத்திரி ஒரு மணி ரெண்டு மணிக்கு கரகரன்னு மரத்த கடிக்கிற சத்தம்னா எலி. இன்னும் சந்தேகமா இருந்தா புழுக்கைய டிஷ்யூல வச்சு அமுக்கிப் பாருங்க. எலியோடது காஞ்சா கல்லு மாதிரி இருக்கும், பூச்சி தின்னுற வௌவாலோடது பொடிப்பொடியா உதிரும், டார்ச் அடிச்சா பூச்சி ரெக்கை மினுமினுன்னு தெரியும்.

இத ஏன் இவ்ளோ இழுக்கிறேன்னா, ரெண்டுக்கும் வைத்தியம் வேற.

போன வருசம் இங்க பினாங்கு ஜெலுத்தோங்ல ஒரு அக்கா வீடு, பழைய டெரஸ் வீடு, அதாவது வரிசையா ஒட்டி ஒட்டிக் கட்டின வீடு. மூனு தடவ மருந்து வச்சுட்டாங்க, ஒவ்வொரு தடவயும் ஒரு வாரம் அமைதி, அப்புறம் சீலிங்ல செத்த நாத்தம், அப்புறம் மறுபடி ஓட்டம். கூடவே சாமி மேடைல விளக்குத் திரி காணாமப் போகுதுன்னாங்க, பையன்தான் வெளாடுறான்னு ரெண்டு அடியும் வாங்கிட்டான் பாவம். மேல ஏறிப் பாத்தா, கூரைக் கட்டைக்குப் பக்கத்துல கூடு மாதிரி குவிச்சு வச்சிருக்கு, நல்லெண்ணெய் ஊறின திரி எட்டு, அதுல ரெண்டு கருகினது. எரியிற திரிய இழுத்துட்டுப் போயிருந்தா என்ன ஆயிருக்கும், வயரிங் எல்லாம் அங்கதான ஓடுது. ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி விளக்க மலையேத்திட்டு திரியையும் எடுத்து மூடி வைங்க, சாமி கோவிச்சுக்காது.

எலி எப்படி வந்துச்சு? ஏர்கோன் பைப் போற ஓட்டை. சுவத்துல கறுப்பா எண்ணெய் பிசுக்கு மாதிரி ஒரு கோடு இருந்துச்சு, எலி தினமும் ஒரே வழியா ஒடம்ப உரசிக்கிட்டு போறதுல படியிற அழுக்கு அது. அந்தக் கோட்ட புடிச்சுக்கிட்டே போனா ஓட்டை தானா கெடைக்கும். பென்சில் தடிமன் இருந்தா போதும் சுண்டெலி நுழைஞ்சிரும், அதாவது 6 மில்லிமீட்டர், பெரிய எலிக்கு உங்க பெருவிரல் நுழையிற அளவு போதும். கதவுக்கு அடியில இருக்கிற சந்து, ஆஸ்ட்ரோ டிவி கேபிள் ஓட்டை, வாஷிங் மெஷின் தண்ணி போற பைப், பாத்ரூம் தரையில மூடி இல்லாத குழி, எல்லாத்தையும் பாருங்க. ஃபோம் அடிச்சு அடைக்கிறாங்க நெறைய பேரு, அத எலி பிஸ்கட் மாதிரி கடிச்சிட்டுப் போயிரும். இரும்பு நாரத் திணிச்சு மேல சிமெண்ட் பூசுங்க, காத்து போக வேண்டிய எடத்துல 6 மில்லிமீட்டருக்கும் சின்ன கண்ணு உள்ள கம்பி வலை போடுங்க.

மருந்தே கூடாதுன்னு சொல்லல. ஆனா கடைல விக்கிற மருந்து பாதிக்கு மேல ரத்தம் உறையாம பண்றது, எலி சாக நாலஞ்சு நாள் ஆகும், எங்க போய் சாகும்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. அந்த எலிய தின்ன பூனை, ஆந்தை எல்லாத்துக்கும் விசம் ஏறும். பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துல எலி புடிக்கவே ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைக்கிறாங்க, நம்ம இங்க அதுக்கே விசம் ஊட்டுறோம். நான் கூண்டு பக்கம்தான். எலிக்கு புதுசா எதப் பாத்தாலும் பயம், அதனால மூனு நாலு ராத்திரி கூண்டு கதவ கட்டிவச்சு கருவாடு மட்டும் போடுங்க, சாப்ட்டு பழகட்டும், அப்புறம் கதவ அவுத்து விடுங்க.

கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டு நீட்டு மூக்கோட சுவரோரமா ஓடுறது எலியே இல்ல, மூஞ்சூறு. நாத்தம் புடிக்கும்தான், ஆனா கரப்பான தின்னும். பிள்ளையார் வாகனம்னு சொல்லி அத விட்டுடுற வீட்டுல நானும் ஒன்னும் பண்றதில்ல.

வௌவாலுக்கு வருவோம், இதுல நானே தப்பு பண்ணிருக்கேன். வேலைக்கு வந்த புதுசுல ஒரு வீட்டுல பகல்ல ஏறி கூரை ஓட்டைய சிமெண்ட் வச்சு அடைச்சிட்டேன், உள்ள முப்பதுக்கு மேல தூங்கிட்டு இருந்துருக்கு. ரெண்டே நாள்ல வீட்டுக்காரங்க உள்ள இருக்க முடியல, கூரை ஓடெல்லாம் பிரிச்சு வாரினேன், குட்டிங்க அம்மா நெஞ்சுல ஒட்டிக்கிட்டே செத்துக் கெடந்துச்சு. இப்பெல்லாம் மத்த ஓட்டைய அடைச்சிட்டு, போய்வர்ற ஓட்டைல மட்டும் மேல ஒட்டி கீழ தொங்குற மாதிரி வலை போடுவேன், வெளிய போகும் திரும்ப ஏற வழி தெரியாது. நாலஞ்சு ராத்திரி கழிச்சு மூடிறலாம். பறக்காத குட்டி இருந்தா அந்த வேலைய தள்ளிப் போடணும், கஸ்டமர் எவ்ளோ கத்தினாலும்.

போர்ச்ல தொங்கிக்கிட்டு சுவரெல்லாம் துப்பி வைக்கிறது வேற ஜாதி, பழம் திங்கிற சின்ன வௌவால். பக்கத்துல ஜம்புவோ செரி மரமோ கண்டிப்பா இருக்கும், பழத்த அங்க பறிச்சு இங்க வந்து திங்குது. பழத்த வலை போட்டு மூடுங்க, போர்ச் லைட்ட கொஞ்ச நாள் எரிய விடுங்க, பெரும்பாலும் எடம் மாத்திரும். அடிக்காதீங்க. ராத்திரி பூக்கிற டுரியான் பழ மரத்துப் பூவுக்கு மகரந்தம் கொண்டு போறதே வௌவால்தான், இங்க பாலிக் பூலாவ் ஊரு டுரியானுக்கு வரிசைல நிக்கிற நம்ம அத அடிக்கிறது நல்லாவா இருக்கு. 1998, 99ல மலேசியாவுல நிப்பா வைரஸ் வந்து நூத்துக்கு மேல செத்தாங்களேன்னு கேப்பீங்க. பெரிய பழந்தின்னி வௌவால்கிட்ட இருந்து பன்னிப் பண்ணைக்கு வந்து, பன்னி மூலமா மனுசனுக்குப் பரவினது அது. அதுக்காக போர்ச்ச பாத்து ஓட வேணாம், ஆனா வெறுங்கையால தொடாதீங்க, கடிச்சிட்டா சோப்பு போட்டு கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி.

எந்தப் புழுக்கையா இருந்தாலும் காஞ்சத கூட்டாதீங்க, தூசி நெஞ்சுக்குள்ள போயிரும். மாஸ்க், கிளவுஸ் போட்டு, குளோராக்ஸ் (பிளீச்) கலந்த தண்ணி தெளிச்சு ஊறவிட்டு தொடைங்க. எலி மூத்திரத்துல வர்ற காய்ச்சல் லேசுப்பட்டது இல்ல, 2010ல இருந்து டாக்டருங்க கட்டாயம் அரசாங்கத்துக்கு தெரியப்படுத்த வேண்டிய நோய் அது. கால்ல புண்ணோட லோங்காங், அதான் சாக்கடை, தண்ணில எறங்காதீங்க.

ஜெலுத்தோங் அக்கா வீட்டுல எல்லா ஓட்டையும் அடைச்சாச்சு, ஆனா சத்தம் முழுசா நிக்கல. பழைய டெரஸ்ல வீட்டுக்கு வீடு தடுப்புச் சுவர் ஓடு வரைக்கும் போகாது, ஒரு கூரைல ஏறின எலி வரிசை முழுக்க நடக்கும். பக்கத்து வீட்டு சீனப் பாட்டி, ஓட்டை அடைக்க இருநூறு வெள்ளியா (ரிங்கிட்)ங்கிறாங்க. அக்கா முறுக்கு டின்னோட போயிருக்காங்க பேசுறதுக்கு.