இளைப்புக் குறைந்தால் ஓட்டை மூடிவிட்டதென்று நினைக்காதீர்கள்

இருதயத்தில் பெரிய ஓட்டையுடன் பிறந்த பிள்ளைக்குச் சத்திரசிகிச்சைத் திகதி கிடைத்த பின்னரும், "இப்ப இளைப்பில்லை, வேர்க்கிறதுமில்லை, தானாய் மூடியிருக்கும்" என்று கிளினிக்கை நிறுத்திவிட்டு, நகங்கள் நீலம் பாய்ந்த பிறகே திரும்பி வரும் பெற்றோரை யாழ்ப்பாணத்தில் இன்னமும் காண்கிறேன். அண்மையில் மீண்டும் ஒரு பிள்ளை அப்படி வந்தது.

சிறிய ஓட்டைகள் தானாக மூடுவதுண்டு. அயல்வீட்டுப் பிள்ளைக்கு மூடியதும் பொய்யல்ல. பெரிய ஓட்டையில் இளைப்புக் குறைவதன் காரணமோ பெரும்பாலும் வேறு. இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குப் பாயும் மேலதிகக் குருதி நுரையீரலின் சிறு நாடிகளை மாதக்கணக்கில் தாக்க, அவற்றின் சுவர் தடித்து உட்குழி ஒடுங்குகிறது. அதனால் நுரையீரலுக்குச் செல்லும் குருதி குறைய, பிள்ளையின் மூச்சு இலகுவாகிறது. நெஞ்சில் கேட்ட முணுமுணுப்பும் மெலிகிறது. நீங்கள் சுகம் என்று மகிழும் அந்த மாதங்களில் நுரையீரல் அமுக்கம் ஏறிக்கொண்டிருக்கிறது. முடிவில் குருதி எதிர்த்திசையில் பாயத் தொடங்கும்; நகங்கள் நீலம் பாய்வது அப்போதுதான். 1897 இல் விக்டர் ஐசன்மெங்கர் விவரித்த அந்த நிலையை அடைந்த பிள்ளைக்கு ஓட்டையை மூடுவதே உயிராபத்தாகலாம்.

"ஸ்டெம்செல் ஊசி போட்டால் குழாய் திருந்தாதா?" என்றும் கேட்கிறார்கள். குருதிக்குழாயின் உட்படையைப் பழுதுபார்க்க உதவும் அகவணி முன்னோடிக் கலங்கள் வளர்ந்தோரின் குருதியிலும் உண்டு என்பதை 1997 இல் ஜப்பானிய ஆய்வாளர் அசஹாராவின் குழு வெளியிட்டது. ஐசன்மெங்கர் நோயாளரில் அவை குறைந்திருந்ததாகவும், டவுன் கூட்டறிகுறி (பிறவியிலேயே வரும் நிறமூர்த்தக் கோளாறு) உள்ளோரில் மேலும் குறைந்திருந்ததாகவும் 2008 இல் ஓர் ஆய்வு காட்டியது. நுரையீரல் உயரமுக்கத்தில் இக்கலங்களைப் பற்றிய ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை என்பதால், இவற்றை எண்ணிப் பார்த்து எந்தப் பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை செய்வதென்று நாம் தீர்மானிப்பதில்லை. காலத்தில் மூடவேண்டிய ஓட்டைக்கு ஊசி மாற்றீடுமல்ல. அதற்காகக் காணியை விற்று இந்தியாவுக்கு ஓடாதீர்கள்.

இருதயத்தின் இரு கீழறைகளுக்கும் இடையிலுள்ள பெரிய ஓட்டையைப் பொதுவாக முதல் வயதுக்குள்ளேயே மூடவேண்டும். டவுன் கூட்டறிகுறியுள்ள பிள்ளையில் நுரையீரல் நாடிகள் இன்னும் விரைவாகக் கெடுவதால், அறைகள் நான்கும் திறந்து கிடக்கும் குறைபாடாயின் ஆறு மாதத்தைத் தாண்ட விடக்கூடாது. நிறை கூடட்டும், கோயில் திருவிழா முடியட்டும் என்று நீங்களாகத் திகதியைத் தள்ளவேண்டாம். இளைப்புத் திடீரெனக் குறைந்தால் கிளினிக்குக்கு முந்தி வாருங்கள். மூடிவிட்டதா என்பதை எக்கோ (இருதய ஸ்கான்) சொல்லட்டும், அம்மம்மா அல்ல. கொழும்புக்குப் போகப் பணமில்லையென்றால் அதையும் தயங்காமல் எங்களிடம் சொல்லுங்கள். வழி தேட எங்களுக்கு நேரமாவது மிஞ்சும்.